சிகரெட்டை விடுறதுக்கு முன்னாடி இதைப் படி, கண்ணு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுறேன். போன்ல பேசினா ஷிப்டு அவசரத்துல "சரிம்மா, விட்டுடறேன்"னு சொல்லி வெச்சிடுவே. அதனாலதான் எழுத்துல அனுப்புறேன். இது திட்டுற கடிதம் இல்ல. மருந்து எடுத்துக் கொடுக்குற வேலையில இருக்கறவளா, எந்த வழி எப்படி வேலை செய்யும், எங்க சறுக்கும்னு மட்டும் சொல்றேன்.

மனசு வெச்சா போதும்னு உன் கூட்டாளிங்க சொல்வாங்க. எந்தத் துணையும் இல்லாம விடுறவங்கள்ல ஒரு வருஷம் தாக்குப் பிடிக்கறவங்க நூத்துக்கு அஞ்சு பேருக்கு மேல தேறமாட்டாங்க. மத்தவங்க எல்லாம் மனசு இல்லாதவங்க கிடையாது. ரத்தத்துல இருக்கற நிக்கோடின் ரெண்டு மணி நேரத்துல பாதியா இறங்கிடும், இறங்கினதும் மூளை திரும்பக் கேக்கும். இது உடம்போட பிரச்சினை. அதுக்கு மருந்து இருக்கு. ஆனா அளவும் முறையும் தப்பினா அந்த மருந்தும் கைவிட்டுடும்.

முதல்ல நாலஞ்சு நாள் எதையும் விடாம கணக்கு மட்டும் எழுது. கடையில சில்லறையா ஒண்ணு ரெண்டுன்னு வாங்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆகுதுன்னே தெரியாது. எந்த நேரம், கூட யாரு, கையில டீ இருந்ததா, எல்லாத்தையும் போன்ல குறிச்சுக்கோ. எல்லாத்தையும் விட முக்கியம், தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்டைப் பத்த வைக்கிறேங்கறது. அரை மணி நேரத்துக்குள்ளன்னா பிடி ஆழமா இருக்குன்னு அர்த்தம். மருந்தோட அளவை அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறதா, ஒரே நாள்ல நிறுத்தறதா? 2016-ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட 700 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. நாலு வாரம் கழிச்சுப் பார்த்தா, ஒரே நாள்ல நிறுத்தினவங்கள்ல நூத்துக்கு 49 பேரும், குறைச்சுக்கிட்டே வந்தவங்கள்ல 39 பேரும் தொடாம இருந்தாங்க. ரெண்டு பக்கமும் மருந்துத் துணை இருந்தது. எண்ணிக்கையைக் குறைச்சா மிச்சம் இருக்கற ஒவ்வொண்ணையும் ஆழமா இழுப்பாங்க. அதனால என் பேச்சு, தேதி குறிச்சு ஒரேயடியா நிறுத்துங்கறதுதான்.

இனி நிக்கோடின் சூயிங்கம். ரொம்பப் பேர் தப்பா மெல்லறது இதைத்தான், அதனால விலாவாரியா எழுதறேன். 2 மி.கி., 4 மி.கி.ன்னு ரெண்டு இருக்கு. அரை மணிக்குள்ள பத்த வைக்கறவனா இருந்தா 4 மி.கி., அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். சாதாரண சூயிங்கம் மாதிரி சவ்வு சவ்வுன்னு மென்னா எச்சில்ல மொத்தமா இறங்கி வயித்துக்குப் போயிடும். விக்கல் வரும், நெஞ்சு எரியும், குமட்டும். வயித்துக்குப் போன நிக்கோடின்ல பாதிக்கு மேல கல்லீரல்லயே அழிஞ்சிடும், மூளைக்குப் போய்ச் சேராது. அப்புறம் "இது ஒண்ணும் வேலைக்காகலை"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. மெதுவா மெல்லு. காரமா, சுருக்குன்னு வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வை. சுருக்கு அடங்கினதும் இன்னும் நாலு மெல்லு, அடுத்த கன்னத்துல ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். வாயோட உள்தோல் வழியாத்தான் அது ஏறணும்.

வாயில புளிப்பு இருந்தா ஏறாது. டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், கலர் எதுவா இருந்தாலும் மெல்றதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே நிறுத்திடு, மெல்லும்போதும் வேண்டாம். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது கஷ்டம்தான். சீசன்ல மாங்காய்க் கீத்து, இல்லேன்னா புளியங்காய், ஏதாவது ஒண்ணு வாயில இருக்கும். முதல் ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சூயிங்கம், ஒரு நாளைக்கு 9-க்குக் குறையக் கூடாது, 24-ஐத் தாண்டவும் கூடாது. ஏழாவது வாரத்துல இருந்து இடைவெளியைக் கூட்டி 12 வாரத்துல முடி. பத்து நாள்ல நல்லாயிட்டேன்னு நிறுத்தறவங்கதான் அதிகம் திரும்பிப் போறாங்க.

ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல பிடிக்கறவனுக்கு, தோல்ல ஒட்டிக்கற நிக்கோடின் பட்டையும் (பேட்ச்) உண்டு. 21 மி.கி. ஆறு வாரம், 14 ரெண்டு வாரம், 7 ரெண்டு வாரம். எழுந்ததும் புதுசா ஒண்ணு ஒட்டணும். உனக்கு நைட் ஷிப்டுன்னா சாயங்காலம் எழுந்திரிக்கிற நேரம்தான் காலை. மேல்கையிலயோ நெஞ்சிலயோ முடி இல்லாத இடத்துல ஒட்டு, தினம் இடத்தை மாத்து. தேங்காய் எண்ணெய் தடவின தோல்ல ஒட்டாது. தூக்கத்துல கனவு தொல்லை பண்ணினா படுக்கும்போது எடுத்துடு. பட்டை அடிப்படையாவும், திடீர்னு எழுற ஆசைக்குச் சூயிங்கமும்னு சேத்து எடுத்தா தனித்தனியா எடுக்கறதைவிட நல்லா நிக்கும். டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்.

மாத்திரைன்னா வரெனிக்ளின். சீட்டு இல்லாம வாங்காதே. முதல் மூணு நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நாலு நாள் ரெண்டு வேளை, எட்டாம் நாள்ல இருந்து 1 மி.கி. ரெண்டு வேளை, மொத்தம் 12 வாரம். சிகரெட்டை நிறுத்தறது எட்டாம் நாள். வெறும் வயித்துல போட்டா குமட்டும், சாப்பிட்டுட்டு ஒரு டம்ளர் தண்ணியோட போடு. மெஷின்ல நிக்கறவன் நீ, தலை சுத்துதா தூக்கமா இருக்கான்னு முதல் வாரம் கவனி. புப்ரோப்பியான்னு இன்னொண்ணு இருக்கு, வலிப்பு வந்தவங்களுக்கு ஆகாது.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு. சிகரெட் புகையில இருக்கற தார், காபி, டீயில இருக்கற கஃபீனை உடம்புல இருந்து சீக்கிரம் கழிக்க வைக்கும். நிறுத்தினதும் அதே ரெண்டு டம்ளர் காபி நாலு டம்ளர் மாதிரி ஏறும். படபடப்பு, தூக்கமில்லாமை வரும், அதை நிக்கோடின் ஏக்கம்னு நினைச்சு மறுபடி பத்த வெப்பாங்க. நிறுத்துற நாள்ல இருந்து காபி, டீயைப் பாதியாக்கு. இளைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடறவங்க கூட்டாளிங்கள்ல இருந்தா, சிகரெட்டை நிறுத்தறதை டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லு. அதுவும் இதே மாதிரி ரத்தத்துல ஏறிடும்.

பீடிக்கு மாறறது, லைட் சிகரெட், உதட்டுல ஹான்ஸ் அதக்கறது, இதெல்லாம் விடறதுல சேராது. வேப்ங்கற இ-சிகரெட்டை 2019-லேயே சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு, அந்தப் பக்கம் போகாதே.

ரெண்டாம் நாளும் மூணாம் நாளும்தான் கடினம். எரிச்சல், கவனம் நிக்காது, மலச்சிக்கல், வாய்ப்புண் வரலாம். இருமல் கூடினா பயப்படாதே, நுரையீரல் அடைச்சதை வெளியே தள்ளுது. ஆசை எழும்பினா அஞ்சு பத்து நிமிஷத்துல தணியும். அந்த நேரம் டீக்கடை வாசல்ல நிக்காதே. பசி கூடி நாலஞ்சு கிலோ ஏறலாம், களி, கீரைன்னு சாப்பிட்டு வடை, போண்டாவைத் தள்ளி வை.

1800-11-2356, சிகரெட் பெட்டியிலயே அச்சடிச்சிருக்கும் இலவச நம்பர். தமிழ்லயே பேசலாம், அவங்களே திரும்பக் கூப்பிட்டும் விசாரிப்பாங்க. நேர்ல போகணும்னா அரசு ஆஸ்பத்திரியில புகையிலை நிறுத்தற பிரிவு எங்கேன்னு கேளு. எழுதி வெச்ச கணக்கைக் கையோட கொண்டு போ.

ஒரு நாள் தவறி ஒண்ணு பிடிச்சுட்டா பட்டையைப் பிச்சுப் போடாதே, மருந்தையும் நிறுத்தாதே. எந்த நேரம், யாரோடங்கறதைக் குறிச்சுட்டு அடுத்ததைத் தொடாம இரு. பெரும்பாலும் அது தண்ணி அடிக்கிற இடத்துலதான் நடக்கும். அதனால ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போற வாரத்துல தேதி வைக்காதே, அது கழிஞ்சு வை. மாத்திரைன்னா அதுக்கு எட்டு நாள் முன்னாடியே சீட்டு கையில இருக்கணும், மறந்துடாதே. தேதி முடிவானதும் எனக்குப் போன் பண்ணு, அந்த முதல் மூணு நாள் ஷிப்டு முடியற நேரத்துக்கு நானே கூப்பிடறேன்.

அன்புடன்,
அம்மா
தருமபுரி