எண் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் வரைபடம் வந்துவிட்ட காலத்தில் நெடுஞ்சாலை அறிவிப்புப் பலகைகளுக்கு எதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று வாசகர் ஒருவர் சென்ற ஞாயிறு இதழில் கேட்டிருந்தார். அவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. கோலாலம்பூரில் மேம்பாலத்துக்குக் கீழே வண்டி ஓட்டுகிறவராக இருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

கைப்பேசி நம்மை மேலேயிருந்து பார்க்கிறது. மேலே ஒரு சாலை, அதன் நிழலிலேயே கீழே ஒரு சாலை என்று போனால் நாம் எதில் இருக்கிறோம் என்பது அதற்குப் பல நேரம் பிடிபடுவதில்லை. 2007-இல் திறந்த ஸ்மார்ட் என்ற சாலைச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டாலோ செயற்கைக்கோளின் சமிக்ஞையே கைப்பேசிக்கு எட்டாது.

சென்ற ஆவணியில் எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். செந்தூலில் மண்டபம். என் தங்கை மகன் சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட்டான். பொண்ணு மாப்பிள்ளை மாலைப் பெட்டி அவன் வண்டியில். நகரின் எல்லை வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் மேம்பாலச் சாலை ஒன்றில், வலப்பக்கம் போ என்று கைப்பேசி சொல்லியிருக்கிறது. வலப்பக்கம் பிரிவதோ இரண்டு கிளை. தலைக்கு மேலே பலகையில் மூன்று இடப் பெயர்கள். அவற்றில் ஒன்று 'கோலாலம்பூர்'. கோலாலம்பூருக்குள் நிற்கிறவனிடம் கோலாலம்பூர் அந்தப் பக்கம் என்று கை காட்டினால் அவன் எங்கே போவான்? பின்னால் லோரி ஹாரன் அடிக்க, கிடைத்த கிளையில் ஏறிவிட்டான். அம்பாங் பக்கம் போய், திரும்ப வழி தேடி, இரண்டு டோல் கட்டி, அவன் மண்டபத்துக்கு வந்தபோது நாதஸ்வரக்காரர் மூன்றாவது முறையாக அதே கீர்த்தனையை வாசித்துக்கொண்டிருந்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

பையனிடம் அப்புறம் கேட்டேன். "எந்த நெடுஞ்சாலையில்டா மாறிப் போனாய்?" அவனால் சொல்ல முடியவில்லை. அங்கிருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எண்ணை ஒருவரும் சொல்லவில்லை.

நான் புடுராயா பஸ் நிலையக் காலத்து விரைவு பஸ் ஓட்டுநர். கோலாலம்பூர் - பட்டர்வொர்த் தடத்தில் வெகுகாலம் ஓட்டியவன். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்பு, தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ, கோலக்கங்சார் என்று ஊர் ஊராக முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் போன தலைமுறை. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு: சாலையின் எண் பலகையில் பளிச்சென்று தெரிய வேண்டும். அதை எனக்கு உறுதிப்படுத்தியது அமெரிக்காவில் நான் வண்டி ஓட்டிய ஓர் ஊர்.

நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்று ஒரு நகரம். மாநிலத்தின் பெயரைக் கேட்டதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை லட்சம் பேருக்குச் சற்றுக் குறைவாக வாழும் நடுத்தர ஊர். பனி மட்டும் தாராளம். என் மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. அனைத்துலக ஓட்டுநர் அனுமதியோடு போயிருந்தேன். தெற்கே பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் என்ற ஊருக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பும்போது, மருமகன் அரை மனத்தோடு சாவியைக் கொடுத்தார். ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி வலப்பக்கம். அது ஐந்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. பழக வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று, அங்குள்ள எண்கள்.

நாங்கள் வந்தது 81-ஆம் எண் நெடுஞ்சாலை. ஒற்றைப்படை எண் என்றால் தெற்கு வடக்காகப் போகிற சாலை. சிரக்யூஸ் அருகே அதைக் குறுக்கே வெட்டுவது 90. இரட்டைப்படை என்றால் கிழக்கு மேற்கு. பெரிய சாலைகளில் ஒற்றை எண்கள் மேற்குக் கரையில் 5-இல் தொடங்கிக் கிழக்குக் கரையில் 95 வரை ஏறும். இரட்டை எண்கள் தெற்கே 10-இல் தொடங்கி வடக்கே 90 வரை ஏறும். 81-உம் 90-உம் சந்திக்கிற ஊர் என்றாலே, வரைபடத்தைத் திறக்காமல், நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. மூன்று இலக்க எண் வந்தால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். முதல் இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் பொதுவாக அந்தக் கிளை மறுபடி ஒரு நெடுஞ்சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒற்றைப்படை என்றால் ஊருக்குள் போய் முடிந்துவிடும். சிரக்யூஸின் கிழக்கே சுற்றிப் போவது 481. ஊரின் குறுக்கே ஓடுவது 690. மருமகன் இதை விளக்கி முடித்தபோது நாங்கள் இன்னும் புறநகரைக்கூட எட்டவில்லை. ஆனால் ஊரின் அமைப்பு மனத்தில் வந்துவிட்டது. 1956-இல் சட்டம் போட்டு, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறை மத்திய அரசே ஏற்றுக் கட்டிய சாலைகள் இவை. அடுத்த ஆண்டே எண்களை முடிவு செய்துவிட்டார்கள்.

வெளியேறும் வழிகளுக்கும் எண். பென்சில்வேனியாவில் அந்த எண் மாநில எல்லையிலிருந்து கணக்கிட்ட மைல். ஸ்கிராண்டன் நகருக்குள் போகும் வழி 185 என்றால், தெற்கே மேரிலாந்து எல்லையிலிருந்து 185 மைல். அந்த மாநிலத்தில் 81-இன் மொத்த நீளம் ஏறத்தாழ 232 மைல். கழித்துப் பார்த்தால் நியூயார்க் எல்லைக்கு இன்னும் 47. பேரன் பின்னிருக்கையில் "தாத்தா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் அடுத்த பலகையைப் பார்த்துப் பதில் சொன்னேன். பெட்ரோல் போதுமா, சிறுநீருக்கு எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் கழித்தல் கணக்குதான்.

இது அமெரிக்க மூளைக்கு மட்டும் எட்டிய வித்தை என்று யாரும் வாய் பிளக்க வேண்டாம். நம் அப்பா காலத்தில் கோலாலம்பூர் முகவரியே இப்படித்தான் இருந்தது. ஈப்போ சாலை நாலாவது மைல், செராஸ் ஒன்பதாவது மைல் என்று சொன்னால் தபால்காரருக்கும் தெரியும், டாக்சிக்காரருக்கும் தெரியும். செராஸில் எம்ஆர்டி ரயில் நிலையம் ஒன்றுக்கு இன்றும் 'பத்து 11' என்றுதான் பெயர்; மலாயில் 'பத்து' என்றால் கல், அதாவது பதினோராவது மைல்கல். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட எத்தனையாவது மைலில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சரியாகச் சொல்வார். அந்தப் பழக்கத்தைத்தான் நாம் கைவிட்டுவிட்டு, மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கிய பெயர்களைப்போல எல்டிபி, என்பிஇ, டியூக், சூக், டேஷ், மெக்ஸ், கெசாஸ் என்று நெடுஞ்சாலைகளின் சுருக்கப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். டியூக்கும் உலு கிள்ளான் போகிற சாலை, சூக்கும் உலு கிள்ளான் போகிற சாலை. வானொலியில் ஒரு நொடி கவனம் தப்பினால் எந்த நெரிசலைச் சொன்னார்கள் என்பது போயிற்று.

சிரக்யூஸுக்கு வருகிறேன். தெற்கிலிருந்து 81 ஊருக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய ஒன்றரை மைலுக்குத் தூண்கள்மேல் ஏறிவிடுகிறது. வலப்பக்கம் மேட்டில் பல்கலைக்கழகமும் அதன் பெரிய விளையாட்டரங்கத்தின் வெள்ளைக் கூரையும். இடப்பக்கம் நகர மையம், கைக்கெட்டும் தூரத்தில் மாடி ஜன்னல்கள். ஓரத்தில் ஒதுங்கி நிற்க இடமில்லை. பஸ் ஓட்டியவனுக்கு அது முதலில் கண்ணில் படும். டயர் வெடித்தால் எங்கே நிறுத்துவது என்று கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது. 1960-களில் கட்டியது. அதற்காகப் பதினைந்தாம் வார்டு என்ற குடியிருப்பைத் தரைமட்டமாக்கினார்கள். கறுப்பினத்தவரும் யூதர்களும் வாழ்ந்த இடம். செந்தூல்காரனாகிய நான் அந்தத் தூண்களைக் கீழே நின்று பார்த்தபோது என்ன நினைத்தேன் என்பதை வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன். இது எண்களைப் பற்றிய கடிதம்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு. அந்த மேம்பாலத்தை இப்போது இடிக்கத் திட்டம். 225 கோடி டாலர் வேலை, 2023-இல் தொடங்கியது. மேம்பாலம் போய்த் தரையோடு தரையாகத் தெருக்கள் வரும். ஊரைக் கடந்து கனடா எல்லை வரை போகிறவர்கள் கிழக்கே இருக்கிற சுற்றுச் சாலையில் போக வேண்டும். அதற்காக அந்தச் சுற்றுச் சாலையின் 481 என்ற எண்ணை எடுத்துவிட்டு அதற்கே 81 என்று எண் கொடுக்கிறார்கள். ஊருக்குள் போகிற பழைய வழி, வணிகக் கிளை 81 என்று வேறு பச்சைச் சின்னத்தோடு இருக்கும். அதாவது, எண் கான்கிரீட்டுக்குச் சொந்தமில்லை, பயணிக்குச் சொந்தம். டென்னசியில் 81-ஐப் பிடித்தவன் எதை இடித்தாலும் எதைக் கட்டினாலும் 81-ஐயே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவான். பக்கத்திலேயே அந்தக் காலத்து 11-ஆம் எண் சாலையும் கூடவே வருகிறது, நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வடபகுதியான இ-1-க்குத் துணையாகப் பழைய முதலாம் எண் சாலை வருவதுபோல.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 81-உம் 690-உம் சந்திக்கும் இடத்தில், வடக்கிலிருந்து வருகிறவன் மேற்கே திரும்ப நேரடி வழியே வைக்காமல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில்தான் அதைச் சேர்க்கிறார்கள். நியூயார்க் மாநிலத்துக்குள் நுழைந்ததும் என் மைல் கணக்கும் அறுந்துவிட்டது. அங்கே பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று வெறும் வரிசை எண்தான். ஓய்விடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாங்கள் நின்ற இடத்தில் காசு போட்டால் மிட்டாய் விழும் இயந்திரம் ஒன்று, கழிப்பறை, அவ்வளவுதான். தாப்பா ஓய்விடத்தில் சுடச்சுட நாசி லெமாக் சாப்பிட்டு வளர்ந்த வயிறு இது.

இனி நம் ஊர். நமக்கு எண் இல்லையா என்றால், இருக்கிறது. டியூக் இ-33. எல்டிபி இ-11. அம்பாங் மேம்பால நெடுஞ்சாலை இ-12. ஸ்மார்ட் சுரங்கம் இ-38. பலகை மூலையில் சின்ன அறுகோணத்துக்குள் அது உட்கார்ந்திருக்கிறது, வரி கட்டாதவனைப்போல் ஒளிந்துகொண்டு. வெளியேறும் வழிகளுக்கும் எண் உண்டு. டியூக்கில் அவை 33 என்று தொடங்கும், எல்டிபியில் 11 என்று தொடங்கும். நல்ல யோசனைதான். டோல் கட்டுகிற நூறு பேரை நிறுத்திக் கேளுங்கள், ஒருவருக்காவது தெரிந்திருக்குமா?

எண்களைக் கொடுத்த முறையிலும் ஒரு திசை, ஒரு வரிசை தெரியவில்லை. வடக்கே போவது இ-1, தெற்கே போவது இ-2 என்பது வரைக்கும் சரி. இ-36 பினாங்குப் பாலம். அடுத்த எண்ணான இ-37 கோலாலம்பூர் - சிரம்பான் நெடுஞ்சாலை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற இரண்டு சாலைகளுக்கு அடுத்தடுத்த எண். இதை இப்போது மாற்றச் சொன்னால் நடக்காது, எனக்குத் தெரியும். மாற்றவும் வேண்டாம். இருக்கிற எண்ணைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுதினால் போதும். இடப் பெயர் எழுதுகிற அதே உயரத்தில், கூடவே வடக்கு தெற்கு என்ற திசையோடு. கிளை பிரிவதற்கு முன்னால் தார்மீதே ஒவ்வொரு தடத்திலும் எண்ணை வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் சில நகரங்களில் சிவப்பும் நீலமுமாக, நெடுஞ்சாலை எண்ணைத் தாங்கும் கேடயச் சின்னத்தையே தரையில் வரைந்திருக்கிறார்கள். மலேசிய நெடுஞ்சாலை வாரியம் இதைக் கவனிக்க வேண்டும். தூண்கள்மேல் தூண்கள் எழுப்பப் பணம் கிடைக்கிற நாட்டில் பெயிண்டுக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பலகையில் எண் இருந்தால் கைப்பேசிக்கும் அது துணை. 'இ-33-இல் வலப்பக்கம்' என்று அது சொல்லும்போது தலைக்கு மேலே 33 என்று தெரிந்தால், மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்ற குழப்பம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டும் வேண்டும் ஐயா. அந்த வாசகர் ஒன்றைத் தூக்கி எறியச் சொல்கிறார்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்குப் பத்துமலையைச் சுற்றி எந்தெந்தச் சாலை மூடப்படும் என்று ஆண்டுதோறும் தாங்கள் அறிவிப்பு வெளியிடுகிறீர்கள். வெளியூர்ப் பக்தர்கள் அதைக் கத்தரித்து வண்டியில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த முறை பெயர்களோடு எண்களையும் சேர்த்து அச்சிடுங்கள்: ஈப்போ சாலை 1, இரண்டாம் மத்திய வட்டச் சாலை 28, டியூக் இ-33. இடம் போதாவிட்டால் விளம்பரத்தில் இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரைவு பஸ் ஓட்டுநர்,
செந்தூல், கோலாலம்பூர்.