வாக்காளர் பதிவுப் பணியை மாணவர் கையில் கொடுங்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாள். அன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறோம், பேரணி போகிறோம், கோலம் போடுகிறோம். அவற்றால் மட்டும் வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர்கூட ஏறாது; பெயர் சேர்வது புதிய வாக்காளருக்கான விண்ணப்பமான படிவம் 6-ஆல்தான். பிளஸ் டூவில் பிரிவுக்கு இரண்டு பாடவேளையும் கணினி ஆய்வகமும் கொடுங்கள். மீதியை இ.எல்.சி. எனும் தேர்தல் விழிப்புணர்வு மன்ற மாணவர்களே நடத்துவார்கள்.

17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் தகுதி நாள்கள். 18 நிரம்பியபின் வரும் தகுதி நாளை வைத்துப் பெயர் ஏறும். பள்ளி திறக்கும்போது பிளஸ் டூவில் 17 நிரம்பியவர் குறைவு. அதனால் ஒரு பதிவு முகாம் போதாது. ஜூலையில் ஒன்று, பொங்கல் விடுமுறை முடிந்து செய்முறைத் தேர்வு தொடங்குமுன் ஒன்று வேண்டும். பிறந்த தேதிப் பட்டியலை எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத் தளத்திலிருந்து வகுப்பாசிரியர் எடுத்துத் தரட்டும். பத்துப் பேருக்கு இரண்டு மன்ற மாணவர் என்றால், நாற்பது பேர் பிரிவுக்கு எட்டுப் பேர்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முகவரிச் சான்று, வெள்ளைப் பின்னணியில் ஒளிப்படம், அம்மா அல்லது அப்பாவின் வாக்காளர் அட்டை எண் ஆகியவற்றை முந்தின நாளே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அதிகம் மறந்துபோவது அந்த அட்டை எண்தான். அதை விட்டுவிட்டால் பிள்ளையின் பெயர் பட்டியலின் வேறு பாகத்தில் விழ, குடும்பம் ஒரு சாவடிக்கும் பிள்ளை இன்னொரு சாவடிக்கும் போக நேரலாம். ஆங்கிலத்தில் தட்டும் பெயரைத் தேர்தல் ஆணைய இணையதளம் தானாகத் தமிழாக்கும்போது ழகரம், ணகரம், முன்னெழுத்து எல்லாம் குழம்பும். பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். செல்பேசி எண் வீட்டுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் எண்ணைக் கொடுத்தவர்களுக்குக் குறுஞ்செய்தி வராது. விண்ணப்பக் குறிப்பெண்ணை நோட்டில் எழுதிவைத்தால்தான் பின்னால் நிலையைப் பார்க்க முடியும். ஆதார் நகல்களைப் பள்ளியில் கட்டாகச் சேர்க்கவே கூடாது. அவரவர் ஆவணம் அவரவர் கையில் இருக்கட்டும். விடுதி மாணவர்கள் சொந்த ஊர் முகவரியைக் கொடுப்பது நல்லது. 18 நிரம்பும்போது பெரும்பாலோர் அந்த விடுதியில் இருக்க மாட்டார்கள். பிறகு ஊர் மாறினால் படிவம் 8 இருக்கிறது.

தேர்தல் ஆண்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேலை உண்டு. வீட்டில் மூன்று கேள்வி கேட்டுவரட்டும்: எல்லார் பெயரும் பட்டியலில் இருக்கிறதா, சாவடி எது, நடக்க முடியாதவர் யாரேனும் உண்டா? அட்டை கையில் இருந்தும் பெயர் நீங்கிப்போனதை ஓட்டுப்போடும் நாளில் அறிந்து திரும்புவோர் பலர். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பின் பெயர் சேர்க்க வழியில்லை. அதற்குப் பத்து நாள் முன்பே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 85 வயது கடந்தவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உடையவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்க 12டி படிவம் தர வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியானபின் ஐந்தே நாள்தான் அவகாசம். விழிப்புணர்வு நோட்டீஸ் ஒட்டுவதற்குள் அது முடிந்துவிடும். ஆகவே மூன்றாம் கேள்வியை முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

சுவரொட்டியில் கவனம் தேவை. மை வைத்த விரலை வரையச் சொன்னால் பிள்ளைகள் உள்ளங்கை முழுவதையும் வரைவார்கள். அது ஒரு கட்சியின் சின்னம். பின்னணியில் உதிக்கும் சூரியன், ஓரத்தில் இரண்டு இலை என்று அழகுக்காகப் போடுவதும் அப்படியே. ஆள்காட்டி விரல் மட்டும் போதும். "உங்க வீட்டுல யாருக்கு ஓட்டு?" என்ற கேள்வி எந்தத் தாளிலும் எந்த வாயிலும் வரக்கூடாது. வந்தால் பெற்றோர் நம்பிக்கை போய்விடும், அடுத்த முகாமுக்கு அட்டை எண்ணும் வராது.

இந்த ஆண்டு கால அட்டவணை போடும்போதே ஜூலையில் ஒரு பாடவேளை, ஜனவரியில் ஒரு பாடவேளை குறித்துவிடுங்கள். அந்த இரு நாளும், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பள்ளிக்கு அழைக்கும் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
இ.எல்.சி. மன்றப் பொறுப்பாசிரியர்கள் சிலர்