பர்மிங்காமிலிருந்து அண்ணனுக்கு

பர்மிங்காம்,
10.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு தங்கச்சி எழுதுவது.

நான் இங்க சுகமா இருக்கேன். நீங்களும் மயினியும் பிள்ளைகளும் அம்மையும் சுகமா இருக்க மாதாவை வேண்டிக்கிறேன். மயினி கொடுத்துவிட்ட நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் பொடியாம வந்து சேர்ந்தது. முந்திரிக்கொத்து ரெண்டு நாள்ல தீர்ந்துபோச்சுன்னு மயினிகிட்ட சொல்லுங்க.

தினமும் போன்ல பேசத்தான் செய்றோம், பின்ன எதுக்கு கடிதம்னு நினைப்பீங்க. நீங்க கிட்டாரைத் தொடாம வச்சிருக்கிற விஷயத்தைப் போன்ல எடுத்தா, "இந்தா, அம்மைகிட்ட பேசு"ன்னு கைமாத்திருவீங்க. நாலு வருஷமா அப்படித்தான் நடக்கு. தாள்னா மடிச்சு வச்சாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம். முழுசா வாசிங்க அண்ணா.

ஜூன் மாசம் எனக்கு நைட் டியூட்டி. ராத்திரி மூணு மணிக்கு வார்டு அடங்கினபிறகு டீ குடிக்க உட்கார்ந்தோம். அப்ப ஒரு பேச்சு வந்தது. ஆயுசுல பார்த்த ராக் கச்சேரியில ரொம்ப நல்லது எது, ரொம்ப மோசம் எது? எந்த வருஷத் திருவிழாவுக்கு எந்த கானமேளா வந்தது, அன்னைக்கு யாரு பாடினாங்கன்னு நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்கல்லா, இவங்களும் அப்படித்தான். வருஷம், மாசம், மழை பெஞ்சதா இல்லையாங்கிறது வரைக்கும் மனசுல வச்சிருக்காங்க.

நோயாளிகளை வண்டியில தள்ளிக்கொண்டு போற ஒரு பெரியவர் உண்டு. நல்லதும் மோசமும் தனக்கு ஒரே ராத்திரியில நடந்ததுன்னார். 2012 ஜூலை 14, லண்டன் ஹைட் பார்க், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரி. மனுஷன் மூணு மணி நேரத்துக்கு மேல பாடியிருக்கார். சேத்துல நின்னு கேட்டிருக்காங்க. கடைசியில பீட்டில்ஸ் குழுவுல இருந்த பால் மெக்கார்ட்னியே மேடை ஏறி கூடப் பாடினாராம். ரெண்டு பாட்டு முடிஞ்சதும் மைக் செத்துப்போச்சு. ஊர் அனுமதி கொடுத்த நேரம் தாண்டிட்டதால சத்தத்தை அணைச்சுட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் ஜனங்களுக்கு நன்றி சொன்னதுகூட யார் காதுலயும் விழலை. சொல்லும்போது அந்தப் பெரியவருக்கு இன்னும் ஆத்திரம் தீரலை.

பத்து மணி ஆனதும் போலீஸ் வந்து செட்டை அணைக்கச் சொல்றது நம்ம நாட்டு வழக்கம்னுதான் நான் நினைச்சிருந்தேன். அண்ணா, நம்ம பங்குத் திருவிழாவுல ஒன்பதாம் நாள் ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நீங்க வாசிச்சுக்கிட்டிருந்த பாட்டு பாதியில நின்னது. மைக் செட்டுக்காரர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். கூட்டம் கலையாம கைதட்டியே மீதிப் பாட்டைப் பாடி முடிச்சது. நீங்க விரலை நிறுத்தவே இல்லை. சத்தத்தைக் கூட்டுற ஆம்ப் செத்துப்போன கிட்டார்ல ஒரு வரி விடாம வாசிச்சீங்க. படிக்கட்டுக்குப் பக்கத்துல நின்ன எனக்கு மட்டும் அந்த வெறும் கம்பிச் சத்தம் கொசு பாடுற மாதிரி மெல்லிசா கேட்டது. இதை அன்னைக்கு வார்டுல சொன்னேன். அந்தப் பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

மோசமான கச்சேரிக்கு என்கிட்டயும் ஒண்ணு இருந்தது. நான் வந்த முதல் குளிர்காலம். 85 பவுண்டு கொடுத்து, நம்ம காசுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல, ஒரு பெரிய அரங்கத்துக்குப் போனேன். குழுவோட பேர் வேண்டாம். நீங்க கேசட்ல போட்டுக் காட்டின குழுதான். பார்த்துட்டு வந்து உங்களுக்குச் சொல்லணும்னே போனேன். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழிச்சு மேடைக்கு வந்தாங்க, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லலை. ஆரம்பிச்சதும் பேஸ் சத்தம் நெஞ்சுல அடிச்சது. என்ன சுதி, என்ன பாட்டு, ஒண்ணும் பிரிஞ்சு கேக்கலை. "மேடைக்கு முன்னால நின்னு சவுண்டு நல்லாருக்குன்னு சொல்லாத பிள்ளே. கடைசியில கப்பலண்டி விக்கியவன் பக்கத்துல போய் நில்லு. அவனுக்கு வார்த்தை வெளங்குதான்னு பாரு"ன்னு நீங்க படிச்சுக் கொடுத்ததுதானே. நான் எழுந்து பின்வரிசைக்குப் போய் நின்னு பார்த்தேன். கூரைத் தகரத்துல பட்டுத் திரும்புற இரைச்சல்தான் கேட்டது. அதைக்கூட பொறுத்துக்கலாம். பாதியில பாடகர் மைக்கை வாயிலிருந்து எடுத்துட்டார், பாட்டு நிக்கலை, குரல் அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்தது. தொண்டை கட்டிப்போச்சுன்னா சொல்லிரலாமே. அத்தனை ஜனமும் சேர்ந்து அவருக்காகப் பாடியிருக்கும். அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது அழுகை வந்தது. உங்ககிட்ட "நல்லாருந்தது"ன்னு ஒரு வரி அனுப்பினேன். அது பொய்.

இதெல்லாம் கேட்டுட்டு எங்க வார்டு சீனியர் நர்ஸ் அக்கா ஒருத்தங்க, "நல்ல கச்சேரின்னா என்னன்னு பார்க்காம நீ இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது"ன்னாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு முட்டு ஆப்பரேஷன். அவருடைய டிக்கெட்டை எனக்குக் கொடுத்தாங்க. ஜூலை 5, வில்லா பார்க் மைதானம், பிளாக் சாபத் குழுவோட கடைசிக் கச்சேரி!

உங்க அலமாரியில அந்த நாலு பேர் படம் ஒட்டியிருந்ததே, அவங்கதான். இந்த ஊர்க்காரங்க. ஆஸ்டன், ஹேண்ட்ஸ்வர்த்னு நான் தினமும் பஸ்ஸுல தாண்டிப் போற தெருக்கள்ல பிறந்து வளர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். குழுவோட பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் சின்ன வயசுல ஆடுமாடு வெட்டுற இடத்துல வேலை பார்த்தவர். அவர் வளர்ந்த வீட்டிலிருந்து அந்த மைதானத்துக்கு நடந்தே போயிரலாம். பிறந்தது 1948 டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருநாள் அண்ணா!

மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கிச்சு. மாஸ்டோடன், ஆந்த்ராக்ஸ், பான்டேரா, ஸ்லேயர், கன்ஸ் அன்ட் ரோஸஸ், மெட்டாலிகான்னு குழு குழுவா வந்தாங்க. எல்லாரும் தங்க பாட்டோட இவங்க பாட்டையும் வாசிச்சாங்க. ஒரு குழு வாசிக்கும்போதே அடுத்த குழுவுக்குப் பின்னால ஏற்பாடு நடக்கு. மேடையே சுத்துது, ஆளு மாறுது. நம்ம ஊர்ல ஒரு குழு இறங்கி அடுத்த குழு வயர் மாட்டி "ஹலோ, செக் செக்"னு சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்லா. வசூலான பணம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கிற இல்லத்துக்கும்னு சொல்லியிருந்தாங்க.

ராத்திரி ஓஸி வந்தார். நடந்து வரலை. மேடைக்குக் கீழேயிருந்து கருப்புச் சிம்மாசனத்துல உட்கார்ந்தபடியே மேல எழும்பி வந்தார். 76 வயசு, பார்க்கின்சன். நான் நர்ஸ் கண்ணாலதான் பார்த்தேன். கை நடுக்கம், கால் தரையில ஊன்றி நிக்காத விதம், எழுந்திரிக்க எத்தனை தடவை உடம்பைத் தூக்கிப் பார்க்கார்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். என் வார்டுல இருந்தா ஆள் துணையில்லாம கட்டிலைவிட்டு இறங்க விடமாட்டேன். அவர் நாப்பதாயிரம் பேரைக் கைதட்டச் சொல்லிக்கிட்டிருக்கார். வீட்டுக்கு வர்றேன்னு சொல்ற ஒரு மெதுவான பாட்டு உண்டு. அதுல குரல் உடைஞ்சது. அவர் மறைக்கலை. உடைஞ்ச இடத்தை ஜனங்க பாடி நிரப்பினாங்க. பக்கத்துல நின்ன, கையெல்லாம் பச்சை குத்தின தடியான மனுஷன் குழந்தை மாதிரி தேம்பினார். எனக்கு நம்ம வீட்டு முத்தமும் அம்மையும் கண்ணுல வந்தாங்க. வார்த்தை வெளங்குதான்னு பின்னால போய்ப் பார்க்க நான் மறந்தே போனேன்.

பிறகு கிட்டார்க்காரர் டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்டு, குழுவுல மத்த மூணு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. பழைய நாலு பேரும் ஒரே மேடையில நின்னு இருபது வருஷமாச்சு. நாலே நாலு பாட்டுதான்.

பதினேழு நாள்ல, ஜூலை 22-ல் ஓஸி இறந்துட்டார். 30-ம் தேதி அவர் உடலை பிராட் ஸ்ட்ரீட் வழியா கொண்டுபோனாங்க. நான் டியூட்டி முடிச்ச கையோட போய் நின்னேன். பெட்டிக்கு முன்னால பேண்டு செட்டு அண்ணா! நம்ம ஊர்ல சாவுக்கு ட்ரம்பெட்டும் டிரம்ஸுமா முன்னால நடப்பாங்கல்லா, அதே மாதிரி பித்தளை வாத்தியக்காரங்க அவர் பாட்டையே வாசிச்சுக்கிட்டு நடந்தாங்க. நம்ம அப்பா போன நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இனிமேதான் நான் சொல்லவந்த விஷயம்.

மைதானத்துல பெரிய திரையில டோனி அயோமியோட கையைக் காட்டினாங்க. அவர் இடக்கைக்காரர், அதனால கம்பியை அமுக்குறது வலது கை. நடுவிரல் நுனியிலயும் மோதிரவிரல் நுனியிலயும் ஏதோ தொப்பி மாட்டின மாதிரி தெரிஞ்சது. வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசிச்சேன். 1965-ல், 17 வயசுல, தகரத் தொழிற்சாலை மெஷின்ல அந்த ரெண்டு விரல் நுனியும் போயிருக்கு. அன்னைக்கு அவருக்கு அங்க கடைசி நாள் வேலை. கிட்டார் வாசிக்கப் போறேன்னு வேலையை விட்டவர். டாக்டர்கள் இனி வாசிக்க முடியாதுன்னுட்டாங்க. தொழிற்சாலை மேலாளர் ஒருத்தர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒரு கிட்டார்க்காரரோட இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியிருக்கார். தீ விபத்துல ரெண்டு விரல் முடங்கினபிறகும் அப்படி வாசிச்சவர் அவர்.

டோனி என்ன செஞ்சார்னு கவனமா வாசிங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரல் நுழையுற மாதிரி சூடுபோட்டுத் துளை பண்ணி, உரசித் தேய்ச்சு உறை செஞ்சார். கம்பியில வழுக்காம பிடிக்கிறதுக்கு பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி மேல ஒட்டினார். கனமான கம்பியை அமுக்க வலிச்சதால பாஞ்சோங்கிற வாத்தியத்தோட மெல்லிசான கம்பியை எடுத்துக் கிட்டார்ல மாட்டினார். பிறகு சுதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்திக்கிட்டார். சின்ன வயசுல நீங்க ராத்திரி ரேடியோவை காதுல வச்சுக் கேட்ட அந்தக் கனத்த சத்தம் உண்டுல்லா, அதுல பாதி அந்த ரெண்டு விரலுக்காக அவர் செஞ்ச மாத்தத்துல வந்தது.

உங்களுக்கு ரப்பர் ஷீட் ரோலர்ல போனதும் இடது கையில அதே ரெண்டு விரல். நடுவிரல், மோதிரவிரல். அன்னைக்கு நான் ஊர்ல இல்லை. இருந்திருந்தா, தையல் பிரிச்சதோட விட்டிருக்க மாட்டேன். ஒரு தடவை கிட்டாரை எடுத்து அமுக்கிப் பார்த்தப்ப கரண்ட் அடிச்ச மாதிரி இருந்ததுன்னு மயினிகிட்ட மட்டும் சொன்னீங்களாம். அதோட உறையில போட்டு அலமாரி மேல வச்சுட்டீங்க. அந்தக் கரண்ட் அடிக்கிறது விரல் செத்துப்போனதால இல்லை அண்ணா. வெட்டுப்பட்ட நரம்பு நுனி தொடுதலைத் தாங்காம கூசுது. அதைப் பழக்கலாம். இங்க கைக்குப் பயிற்சி கொடுக்கிற தெரப்பிஸ்ட்கிட்ட கேட்டேன். முதல்ல பஞ்சால தடவணும், கூச்சம் குறைஞ்சதும் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு, பிறகு பாத்திரத்துல அரிசியைப் போட்டு விரலை உள்ளவிட்டு அளையணும். ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. வாரக்கணக்குல ஆகும். புண்ணு மாதிரி வலிச்சா, தோல் நிறம் மாறினா நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க, தக்கலையில நல்ல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு பண்றேன்.

ரெண்டு விரலையும் வெள்ளைத்தாள்ல வச்சு பென்சிலால வரைஞ்சு, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் நூல் சுத்தி அளவு எடுத்து, மூத்தவனைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க. சிலிக்கான்ல விரல் உறை கிடைக்கு. சரியான அளவு வாங்கி, மேல தோல் ஒட்டி அனுப்புறேன். ஒண்ணு சரியா வராட்டி இன்னொண்ணு.

இந்தக் கடிதத்தோட வர்ற பார்சல்ல மூணு கட்டு ஸ்ட்ரிங் இருக்கு. முதல் கம்பி 0.008 அங்குலம், மெல்லிசு. நீங்க போடுற ஸ்ட்ரிங் மாதிரி அமுக்க வேண்டியதில்லை. இன்னொரு டப்பியில காதுல வைக்கிற பிளக் இருக்கு. இங்க 85 டெசிபலுக்கு மேல சத்தம் உள்ள வேலைன்னா முதலாளி காதுக்குப் பாதுகாப்பு கொடுத்தே ஆகணும்னு சட்டம். ஸ்பீக்கர் பக்கத்துல நின்னே வயசு போன மைக் செட்டு மாமாவுக்கு ரெண்டு ஜோடி கொடுங்க.

கிட்டாரை எடுத்ததும் மழை ஈரத்துல கழுத்து வளைஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க. பழைய ஸ்ட்ரிங்கை எல்லாம் ஒரே நேரத்துல கழற்றாம ஒண்ணொண்ணா மாத்துங்க. சுதியை ஒண்ணரைக் கட்டை இறக்கிக்கிடுங்க, டோனி மாதிரி. ஆம்ப் வேண்டாம். அம்மை உறங்கினபிறகு திண்ணையில உட்கார்ந்து வெறும் கம்பியில வாசிங்க, வீட்ல யாருக்கும் கேக்காது.

அன்புத் தங்கச்சி