2147483647 பார்த்ததும் உன் ஞாபகம்

டேய் சேகர்,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, லேட்டா எழுதுறேன், கோச்சுக்காத. முதுகு வலி தேவலைன்னு படிச்சதும் நிம்மதியா இருந்துச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம். பொண்ணு ப்ரோக்ராமிங் கத்துக்கிறா, போன வாரம் ஓடி வந்து "அப்பா, 2147483647ல ஒண்ணு கூட்டினா மைனஸ் ஆயிடுது"ன்னா. கம்ப்யூட்டர் ஒரு எண்ணை வைக்கிற 32 பிட்ல, அதாவது 0 இல்ல 1 போடுற இடத்துல, ஒண்ணு பிளஸ் மைனஸ் குறிக்குப் போயிடும், மிச்ச 31ல அதுக்கு மேல இடமில்லன்னு சொன்னேன். ஆனா ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு டா, அது நாம காலேஜ்ல மணிக்கணக்கா பேசின மெர்சென் பிரைம் ஆச்சே, ரெண்டுகளையே பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற பகா எண்!

இது 31 ரெண்டை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்றது. அது பகா எண்தான்னு 1772ல கணித மேதை ஆய்லர் இன்னொரு கணிதர் பெர்னூலிக்கு ஒரு கடிதத்துல எழுதினார், அப்போ அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்துச்சு, அதை நினைச்சா இன்னும் சிலிர்க்குது. சாதாரணமா பார்த்தா வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 46,340 வரைக்கும் உள்ள 4,792 பிரைமாலயும் வகுக்கணும். அவர் அப்படிப் போகல. இந்த எண்ணை ஒரு பிரைம் வகுக்கணும்னா அது 62ஓட மடங்கை விட ஒண்ணு கூட இருக்கணும், 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வரணும், இந்த ரெண்டு சல்லடையில சலிச்சா அதிகபட்சம் 372 வகுத்தல்தான். எதுவும் மீதியில்லாம போகல, அவ்ளோதான், பிரைம்.

2047 ஞாபகம் இருக்கா, 11 ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கழிச்சது, நீ பிரைம்னு பந்தயம் கட்டினியே? அது 23 பெருக்கல் 89. ரெண்டையும் பாரு, 22ஓட மடங்கை விட ஒண்ணு கூட. அதே விதிதான்.

ஆய்லருக்கு அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு 2147483647ஐ விடப் பெரிய பிரைம் யாருக்கும் தெரியாது. 1811ல ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ, இதுலேர்ந்து கிடைக்கிற நிறைவெண்ணை (தன்னைத் தவிர மத்த வகுத்திகளைக் கூட்டினா அதே எண் வர்றது) விடப் பெருசை யாரும் தேட மாட்டாங்க, அதுல உபயோகமே இல்லையேன்னு எழுதினார். எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 2024ல 4 கோடி இலக்கத்துக்கு மேல உள்ள பிரைமே கிடைச்சிடுச்சு, அதை விடு, நம்ம பழைய எண்ணே ரேண்டம் நம்பர், அதாவது தாறுமாறா வர்ற மாதிரி எண்கள், உண்டாக்க உதவுது: ஒரு எண்ணை 16807ஆல பெருக்கி இதால வகுத்து மீதியை எடு, அந்த மீதியைத் திரும்பவும் அதே மாதிரி செய், 1லேர்ந்து 2147483646 வரைக்கும் ஒண்ணு விடாம வந்துட்டுத்தான் ஆரம்பிச்ச இடத்துக்கே வரும். இது பிரைமா இல்லன்னா அப்படி வராது.

பொண்ணுக்கு 8191ஐக் கொடுத்தேன், 13 ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கழிச்சது. வர்க்கமூலம் 90க்கு மேல கொஞ்சம், 26ஓட மடங்கை விட ஒண்ணு கூடன்னா 27, 53, 79, அதுல 8ஆல வகுத்து 1 இல்ல 7 மீதி வர்றது 79 மட்டும்தான். ஒரே ஒரு வகுத்தல் டா! நீயும் பேனா எடுத்துப் போட்டுப் பாரு, மீதி என்னன்னு அடுத்த லெட்டர்ல எழுது.

உன்,
முரளி