ஊதுபத்தி ஒன்று கொளுத்து

பினாங்கு
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப் படங்கள், வரைபடம், அந்த ஃபெங் சுயி (சீனர்களின் வாஸ்து) ஆலோசகர் எழுதிக் கொடுத்த பட்டியல் எல்லாவற்றையும் பார்த்தேன். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்வாள், அந்தப் பக்கம் பேரன் கத்துவான், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா சிரிப்பார் என்று பயந்து முதலில் அம்மாவுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாய். நான் சிரிக்கவில்லை. 35 வருடம் இந்த ஊரில் சீனத் தவுக்கேமார் (முதலாளிமார்) வீட்டிலும் கடையிலும் வயரிங் வேலை செய்தவன் நான். இங்கே சீனர்கள் பேசும் ஹொக்கியனில் அதை 'ஹோங் சுய்' என்பார்கள். காற்று, தண்ணீர், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சின்செ, அதாவது ஃபெங் சுயி பார்க்கிறவர், வந்து பார்த்து, கட்டில் இந்தச் சுவருக்கு மாறுகிறது என்று சொன்னால், நான் முந்தின நாள் போட்ட பிளக் பாயிண்டை உடைத்து அடுத்த சுவரில் போட வேண்டும். எத்தனை முறை திட்டியிருப்பேன்! ஆனால் பார்த்துப் பார்த்து, அவர்கள் சொல்வதில் எதற்குக் காரணம் உண்டு, எது வெறும் பழக்கம் என்று கொஞ்சம் பிடிபட்டது.

1986-ல் ஒரு கடைவீட்டில் வேலை. சின்செ வந்தார். வயதானவர், கைக்குட்டையில் சுற்றி லுவோபான் என்கிற திசைகாட்டியைக் கொண்டுவந்தார். நடுவில் சின்னக் காந்த ஊசி, சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சீன எழுத்து. திசையை 24 பங்காகப் பிரித்திருப்பார்கள், பங்குக்கு 15 பாகை. வாசலில் நின்று பார்த்தவர் என் பக்கம் திரும்பி, "உன் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போ" என்றார். எனக்குக் கோபம். அப்புறம்தான் தெரிந்தது, என் டூல்ஸ் பெட்டியின் இரும்பு ஊசியை இழுக்கிறது. நான் போன பிறகு மூன்று இடத்தில் நின்று மூன்று முறை பார்த்து, ஒத்துப்போன பிறகுதான் எழுதிக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் வீட்டு வாசல் திசையை நீ எப்படி எடுத்தாய் என்று படத்தில் பார்த்தேன். வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்ல, போனை இரும்புக் கம்பிக் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்திருக்கிறாய். போனுக்குள் இருப்பதும் காந்தத்தை உணர்கிற சில்லுதான், இரும்பைக் கண்டால் குழம்பும். இது போதாதென்று உன் ஊர் மெல்பர்னில் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் பதினோரு பன்னிரண்டு பாகை வித்தியாசம் உண்டு. ஏறக்குறைய ஒரு பங்கே தள்ளிப்போகும். அந்த அளவை நம்பி வாசலைத் திருப்ப ஆள் கூப்பிடாதே. 2005-ல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டில் வாசலை 12 பாகை திருப்பினார்கள் என்பது உண்மைதான். அவர்கள் வரைபடத்திலேயே திருப்பினார்கள், அதோடு அவர்களிடம் டிஸ்னியின் பணம் இருந்தது. உன்னிடம் வீட்டுக் கடன்தான் இருக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். தெற்கு அறையில் சிவப்புப் பெயிண்ட். 2024-லிருந்து 2043 வரை ஒன்பதாம் காலம், தீயின் காலம், தெற்கு தீயின் திசை, அதனால் அதைத் தூண்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இருபது இருபது வருடமாகக் காலம் பிரிக்கிற கணக்கு அவர்கள் சாஸ்திரத்தில் இருக்கிறது, அவர் கையிலிருந்து எடுத்துவிடவில்லை. ஆனால் தெற்கு ஏன் தீயானது என்று யோசி. சீனா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் தெற்கே சாய்ந்து போகும், பனிக்காற்று வடக்கிலிருந்து அடிக்கும். முதுகுக்கு மலை, முகத்துக்குத் தண்ணீர், வாசல் தெற்கே. பின்னால் ஆமை, முன்னால் சிவப்புப் பறவை, இடது கையில் பச்சை டிராகன், வலது கையில் வெள்ளைப் புலி என்பார்கள். மொத்தத்தில் கைவைத்த நாற்காலியில் வெயில் பார்த்து உட்கார்ந்த மாதிரி. குளிரில் விறைத்த மனிதன் கண்டுபிடித்த புத்தி அது.

இப்போது உன் ஊரைப் பார். மெல்பர்னில் சூரியன் வடக்கே போகிறது. குளிர்காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. கோடையில் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அடிப்பது வடக்குக் காற்று என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் தெற்கு எப்படித் தீயாகும்? இந்தச் சண்டை அவர்களுக்குள்ளேயே இருக்கிறது. தென் அரைக்கோளத்தில் திசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று ஒரு கட்சி, காந்தம் காந்தம்தான், மாற்றக் கூடாது என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. குளிர்காலம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காத அறை சிவப்புப் பெயிண்டால் சூடாகாது என்று மட்டும் தெரியும்.

அந்தத் தெற்கு அறையில்தான் பேரன் படுக்கிறான்.

நீ அனுப்பியதில் ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், கீழே ஸ்கர்ட்டிங் பலகை ஓரமாகச் சாம்பல் நிறத்தில் கறை. நிழல் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், புள்ளி புள்ளியாக இருக்கிறது. பூஞ்சணம். வெளிச்சுவர் சில்லென்று இருக்கும், அலமாரியை ஒட்டித் தள்ளினால் பின்னால் காற்றே போகாது, மூச்சில் இருக்கிற ஈரமெல்லாம் அங்கே போய் வேர்க்கும். பையன் ராத்திரியெல்லாம் இருமுகிறான், மூன்று மணிக்கு எழுந்து அழுகிறான், வீட்டில் ஏதோ சரியில்லை என்று எழுதியிருந்தாய். சரியில்லாதது இதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டு, இந்தப் படத்தையும் காட்டு. அலமாரியை ஒரு சாண் முன்னால் இழு, சுவரைத் துடை, பகலில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வை. பையனை வடக்கு அறைக்கு மாற்றிவிட்டு, அந்த ஆபீஸ் மேஜையைத் தெற்கே கொண்டுபோ.

சின்செமார் இதைத்தான் தேங்கிய ச்சி, அதாவது ஓடாமல் நின்றுபோன உயிர்சக்தி என்பார்கள். ('ச்சீ' என்று காதில் விழுகிறதே, என்னத்தைத் திட்டுகிறார்கள் என்று அம்மா அந்தக் காலத்தில் கேட்பாள்.) ச்சி காற்றில் ஏறினால் சிதறும், தண்ணீரைக் கண்டால் நிற்கும் என்று குவோ பூ என்பவர் பெயரில் வழங்கும் பழைய நூலில் இருக்கிறதாம். 1700 வருடத்துக்கு முந்தைய ஆள். அந்த நூல் பேசுவதே வீட்டைப் பற்றி இல்லை, கல்லறைக்கு இடம் பார்ப்பதைப் பற்றி. மவுண்ட் எர்ஸ்கினில் மலைச் சரிவு முழுக்கச் சீனக் கல்லறைகள் இருக்குமே, ஞாபகமிருக்கிறதா? செத்தவர்களுக்கு அவ்வளவு நல்ல காற்று.

நீல மாளிகை உனக்கு மறந்திருக்காது, லீத் ஸ்திரீட்டில். ஒரு பள்ளி விடுமுறையில் கூட்டிப்போனேன், 220 ஜன்னலையும் எண்ணுவேன் என்று ஆரம்பித்துப் பாதியில் ஐஸ் கச்சாங் கேட்டு அழுதாய். சியோங் ஃபாட் ட்ஸே என்கிற சீன வியாபாரி கட்டியது, 38 அறை, 5 முற்றம், ஃபெங் சுயி பார்த்துக் கட்டிய வீட்டுக்கு அதைத்தான் காட்டுவார்கள். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முற்றத்தில் வந்து விழும். தண்ணீர் என்றால் பணம், அது வீட்டுக்குள் வந்து நிதானமாக வெளியேற வேண்டும் என்று கணக்கு. நான் வயர்மேன் கண்ணால் பார்த்தேன். முற்றம் வழியாகச் சூடு மேலே ஏறிப் போகிறது, ஈரக் கருங்கல் தரை குளிர்ச்சி கொடுக்கிறது, ஃபேன் இல்லாமலே கூடத்தில் நிற்க முடிகிறது. பணம் வந்ததோ இல்லையோ, தூக்கம் வந்திருக்கும்.

காசு செலவில்லாததை எல்லாம் செய்துவிடு. கட்டிலுக்கு நேரே நிலைக்கண்ணாடி வேண்டாம் என்கிறாரா, திருப்பி வை. பாதித் தூக்கத்தில் கண் விழித்து யாரோ நிற்கிறார்கள் என்று திடுக்கிடுவது யாருக்கும் நடக்கும். படுத்தால் கதவு கண்ணில் பட வேண்டும், ஆனால் கால் கதவுக்கு நேரே நீளக் கூடாது என்பதும் சரிதான். பிணத்தைக் கால் முன்னால் தூக்கிப் போவார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம், எனக்குத் தெரிந்தது முதுகுப் பக்கம் கதவு இருந்தால் தூக்கம் ஆழமாக வராது என்பது. அடுப்பும் சிங்க்கும் ஒட்டி இருக்கக் கூடாது, நெருப்பும் தண்ணீரும் சண்டை என்பதை எழுதினவன் கட்டாயம் வயர்மேன். சிங்க் பக்கத்தில் இருக்கிற அந்த பிளக் பாயிண்டில் கெட்டில் சொருகாதே, முதலில் அதை எடுக்கச் சொல்.

வாசலுக்கு நேரே தெரு வந்து முட்டுகிறது என்று பயந்திருக்கிறாய். நம் ஆட்களுக்கும் தெருக்குத்து என்றால் ஆகாது, பிள்ளையாரை வைப்பார்கள். சீனர்கள் எட்டுமூலைக் கண்ணாடி மாட்டுவார்கள். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சம் வீட்டுக்குள் பாய்வதும், பிரேக் பிடிக்காத லோரி நேரே வருவதும்தான் விஷயம். இடுப்பு உயரத்துக்குச் செடி வரிசை வை, தடித்த திரை போடு. கண்ணாடி மட்டும் மாட்டாதே. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மாட்டின கண்ணாடி நம் வீட்டைப் பார்க்கிறது என்று உன் அம்மா பதிலுக்குப் பூசணிக்காய் கட்டி, இரண்டு பேரும் எட்டு மாதம் பேசவில்லை. கடைசியில் பாட்டி பயந்தது நம் வாசல் முன்னால் நின்ற விளக்குக் கம்பத்துக்கு.

மீன் தொட்டிக்கு வருகிறேன். எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன். இதை நான் செய்திருக்கிறேன். உனக்கு அப்போது ஏழு வயது, தொட்டி மட்டும் ஞாபகம் இருக்கும். 1998. ரிங்கிட் விழுந்து, கட்டுமானமெல்லாம் நின்று, நாலு மாதம் வேலை இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் டூல்ஸ் பெட்டியோடு கிளம்பி எஸ்பிளனேடில் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வருவேன். அப்போது ஒருவர் சொன்னார், ஹாலில் தொட்டி வை, பணம் வரும், கறுப்பு மீன் கெட்டதை வாங்கிக்கொள்ளும் என்று. கடன் வாங்கி மூன்றடித் தொட்டி வாங்கினேன். இரண்டாவது வாரம் கறுப்பு மீன் செத்தது. போய்ச் சொன்னேன். "பார்த்தாயா, உன் கஷ்டத்தை வாங்கிக்கொண்டது, இன்னொன்று வாங்கு" என்றார். இன்னொன்றும் வாங்கினேன்.

ஒரு ராத்திரி தொட்டி ஓரத்து சிலிக்கான் விட்டுப்போய்த் தண்ணீர் இறங்கியது. கீழே எக்ஸ்டென்ஷன் போர்டு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வயர்மேன், தொட்டிக்கு நேர் கீழே போர்டு வைத்திருக்கிறான்! மெயின் ட்ரிப் ஆகி வீடே இருட்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் அம்மாவும் துணி போட்டுத் தண்ணீர் துடைத்தோம். துடைத்துக்கொண்டே அம்மா, தலையைத் தூக்காமல், "எத்தனை மாதமாக வேலை இல்லை?" என்று கேட்டாள். அவளுக்கு முதல் வாரமே தெரியுமாம். சட்டையில் சிமெண்ட் தூசி இல்லையே என்றாள். விடிகிற வரை தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம், யாருக்கு எவ்வளவு, எதை விற்பது என்று. மீன்களை ஒரு வாளியில் போட்டு எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தோம்.

மாப்பிள்ளைக்கு வேலை போனதை நீ மீன் தொட்டிக்கும் பணம் வர வைக்கச் சொன்ன மூன்று கால் தவளைப் பொம்மைக்கும் நடுவில் ஒரு வரியில் எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்த பிறகுதான் கண்ணில் பட்டது. நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. ஆலோசகருக்கு இன்னும் கொடுக்க வேண்டிய 900 டாலரைக் கொடுக்காதே, அவ்வளவுதான். அடுத்த மாதத் தவணைக்கு நாங்கள் கொஞ்சம் அனுப்புகிறோம், வேண்டாம் என்று சொல்லாதே. பூஜை விளக்கு ஈசானி மூலையில்தான் இருக்கட்டும் என்று அம்மா சொல்கிறாள், ஜப்பான்காரர்கள் அந்த மூலையைப் பேய்வாசல் என்பார்கள் என்று சொன்னேன், முறைத்தாள்.

இதை மட்டும் செய். காற்று அடிக்கிற நாளில், பையன் நர்சரிக்குப் போன பிறகு, ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தி கொளுத்து. ஜன்னல் ஓரம், கதவுக்கு அடியில், அலமாரி நின்ற சுவர் பக்கம் மெதுவாக நகர்த்திக்கொண்டே போ. புகை நேரே ஏறினால் சரி. எங்கே வளைகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு. ஹார்டுவேர் கடையில் ஒட்டுகிற ரப்பர் பட்டை கிடைக்கும், அந்தக் கோடு போட்ட இடத்தில் ஒட்டினால் போதும்.

வியாழக்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன். போனை மாப்பிள்ளையிடம் கொடு. வேலையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். அலமாரியைச் சுவரில் பிடிக்க வைக்க என்ன சைஸ் டிரில் பிட் வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா