சருகைக் கொளுத்த வேண்டாம்: மேலூர் குவாரி நிலங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கீழவளவு, கீழையூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டியெடுத்தபின் கைவிடப்பட்ட நிலங்களைப் பசுமையாக்குவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், எத்தனை கன்றுகள் நடலாம் என்ற கணக்கே முதலில் வருகிறது. அக்கன்றுகள் உதிர்க்கும் சருகுக்காக எழுதுகிறேன்.

கடந்த கோடையில் ஒரு பழைய குவாரி ஓரத்தில், வளர்ந்துவந்த புங்கங்கன்றுகளின் தூரைச் சுற்றிக் கிடந்த சருகைப் பெருக்கிக் குவித்துத் தீவைத்திருந்ததைக் கண்டேன். இடம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்! கழிவுக்கல் மேடுகளில் மண் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. சரளையும் கல்தூளுமே உண்டு. கிரானைட் சிதைந்தால் காலப்போக்கில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கிடைக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாகக் கிடைக்காது. அதைக் காற்றிலிருந்து வேர்முடிச்சு நுண்ணுயிரிகளின் துணையோடு பிடித்து, இலைவழியே தரையில் சேர்ப்பவை புங்கம், வாகை, உசிலை, கொழிஞ்சி போன்ற பயறுக் குடும்பத் தாவரங்கள். அந்த இலையைக் கொளுத்தினால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விட, பாறையிலேயே உள்ள சாம்பல்சத்துதான் எஞ்சுகிறது.

எல்லாச் சருகும் ஒரே வேகத்தில் மக்குவதில்லை. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 25 பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருந்தால், மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் தமக்கே தழைச்சத்து போதாமல் மண்ணிலுள்ளதையும் எடுத்துக்கொள்கின்றன. எனவே அத்தகைய கரிமம் மிகுந்த சருகை உதிர்க்கும் தைலமரம் மட்டும் நட்ட இடத்தில் சருகு நிறைந்திருந்தும் மண் பசித்தேயிருக்கும். கொழிஞ்சியை நம் வயல்காரர்கள் தழையுரமாக மடக்கி உழுதவர்கள். மாடும் அதை விரும்பி மேயாது. மர வரிசைகளுக்கிடையே அதை விதைப்பது செலவும் குறைவு.

இங்கே மழையில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. சருகுப் போர்வை துளியின் அடியைத் தாங்கி நீரை உள்ளே இறக்கும். வெறும் மேடாக இருந்தால் கல்தூள் முழுதும் கீழேயுள்ள கண்மாய்க்குப் போய்ச் சேரும்.

கோடைத் தீ பற்றிய அச்சம் நியாயமானதே. அதற்கு நடைபாதையை ஒட்டி ஒரு பட்டையை மட்டும் சுத்தம் செய்தால் போதும். ஆகவே பராமரிப்பு ஒப்பந்தங்களில் சருகைப் பெருக்குவதையும் எரிப்பதையும் தடைசெய்யும் விதியொன்றைச் சேர்க்குமாறும், பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையோடு, குறித்த அதே இடங்களில் ஆண்டுதோறும் மண்ணின் கரிம அளவையும் சோதித்து ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்துக் குடிமகன் ஒருவன்