கழுத்து மருவை எடுக்கப் போகுமுன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தில் மூன்று, அக்குளில் ஒன்று. சனிக்கிழமை கிளினிக்கில் நேரம் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். போய்விட்டு வா, ஆனால் உட்கார்ந்ததுமே "எரித்துவிடுங்கள் டாக்டர்" என்று ஆரம்பிக்காதே. அது என்ன என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லட்டும். எடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நாம் எல்லாவற்றையும் மரு என்கிறோம், குழப்பமே அங்கேதான். வைரஸால் வருகிற மரு சொரசொரப்பாக, அடி அகன்று இருக்கும், அடுத்தவருக்கும் ஒட்டும். உன்னுடையது மெத்தென்று காம்பு வைத்துத் தொங்குகிற சதை மரு மாதிரித் தெரிகிறது. தோலோடு தோலோ செயினோ உரசுகிற மடிப்புகளில் வருவது. உள்ளே தளர்ந்த நாரும் மெல்லிய ரத்தக் குழாயும்தான். யாருக்கும் ஒட்டாது, எடுக்காமல் விட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இரண்டு மூன்று நிறமாக, ஓரம் ஒழுங்கில்லாமல், வேகமாக வளர்ந்தோ தானாக ரத்தம் கசிந்தோ இருந்தால் அதை எரிக்கவோ உறையவைக்கவோ விடாதே. முழுசாக வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பச் சொல். எரித்த பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது.

காம்புள்ள சின்ன மருவுக்குக் கத்தரிக்கோலே போதும் என்பது என் எண்ணம். தோலைத் துடைத்து, நுனி மெல்லிய இடுக்கியால் மருவைப் பிடித்து லேசாகத் தூக்கி, காம்பின் அடியில் ஒரே வெட்டு. ரொம்ப இழுத்து வெட்டினால் அடித்தோலும் சேர்ந்து வந்து பள்ளம் விழும். மேலாக வெட்டினால் மொட்டுப்போல் மீதி நிற்கும். 2 மி.மீ.க்குள் இருந்தால் மரத்துப்போகும் ஊசி குத்துகிற வலிதான் வெட்டுகிற வலியைவிட அதிகம், அதனால் ஊசி இல்லாமலே எடுப்பார்கள். பயமாக இருந்தால் மரத்துப்போக வைக்கும் கிரீமைத் தடவி, மேலே மூடி, ஒரு மணி நேரம் வைக்கலாம். பத்தே நிமிடத்தில் துடைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று குறைசொல்வதில் அர்த்தமில்லை. அக்குளில் இருப்பது காம்பு தடித்தது, அதற்கு லிடோகெயின் என்கிற மரத்துப்போகும் ஊசி தேவைப்படும். ரத்தக் குழாயும் பெரிதாக இருக்கும், வெட்டியதும் கசியும். சில நிமிடம் பஞ்சால் அழுத்தினால் நிற்கும், நிற்காவிட்டால் காட்டரியால், அதாவது மின்சாரச் சூட்டால் பொசுக்குகிற கருவியால், ஒரு தொடு.

காட்டரியிலேயே முழுதும் எடுப்பதும் வழக்கம்தான். சூடு காம்போடு நின்றால் நல்லது. சுற்றியுள்ள தோலைச் சுட்டால் கருந்தழும்பு விழும், நம் நிறத்துக்கு அது மாதக்கணக்கில் மறையாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் அது முழுக்கக் காய்ந்த பிறகே காட்டரியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். மருவை உறையவைத்து எடுக்கிற திரவ நைட்ரஜன் −196 டிகிரி செல்சியஸ். தோலுக்கு நிறம் தரும் செல்கள் −5 டிகிரி அளவிலேயே செத்துவிடும், மற்ற செல்கள் அதைவிடக் குளிரைத் தாங்கும். மரு போன இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்பது இதனால்தான். உன் கழுத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல், நீயாக நிறுத்தாதே. முன்பு ஏதாவது காயம் மேடு தட்டித் தழும்பாகியிருந்தால் அதையும் சொல். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ளவர்களிடம் காட்டரியைத் தொடும் முன் கேட்பதும் இதே மாதிரி முக்கியம். இமை ஓரத்தில் மரு இருந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும், தோல் கிளினிக்கில் அவசரப்படக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் நனைக்காதே. பிறகு சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, மெல்லிசாக வாசலின் தடவி, உரசுகிற இடமென்றால் சின்ன பிளாஸ்டர். காய விட்டால் பொருக்குத் தடித்துவிடும், ஈரப்பதத்தில் சீக்கிரம் ஆறும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் ஆறிவிடும். பொருக்கைப் பிய்க்காதே. ஆறும்வரை செயின் வேண்டாம், அக்குளில் ஷேவிங்கும் டியோடரண்டும் வேண்டாம். கழுத்துக்கு ஆறியபின் சன்ஸ்கிரீன் கட்டாயம். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே திரும்பிப் போ.

நகவெட்டி, இறுக்கிக் கட்டும் நூல், வினிகர் இதையெல்லாம் முயலாதே. நூல் இறுகினால் மரு கருத்து, வீங்கி, நாலைந்து நாள் வலிக்கும். வினிகர் மருவை விடச் சுற்றுத் தோலைத்தான் முதலில் பொசுக்கும். ஒன்றை எடுத்தால் பத்து முளைக்கும் என்பதும் சரியில்லை. எடுத்தது அதே இடத்தில் வருவது குறைவு, வேறிடத்தில் புதிதாக வரலாம்.

இன்னொன்று. படத்தில் பின்கழுத்துத் தோல் கொஞ்சம் கருத்து, தடித்துத் தெரிகிறது. தேய்த்துக் குளித்துப் போகிற அழுக்கில்லை அது. மருவும் அந்தக் கருமையும் சேர்ந்து வந்தால் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று இருக்கலாம். ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிடு, அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் சரி, 6.4 வரை எச்சரிக்கை, 6.5 வந்தால் மருவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சர்க்கரைக்கான டாக்டரைப் பார். சனிக்கிழமையே ரத்தம் கொடுத்துவிட்டு, என்ன எண் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா